‘பிக் அப்’: அத்தனை பொருள்களையும் இணைச்சொற்களையும் நோட்டு போட்டுக் கற்பது எப்படி?

சைதாப்பேட்டையில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பலகையில் ‘பிக் அப்’ என்று எழுதினால் வகுப்பு சிரிக்கும். “இது தெரியாதா மிஸ்? கால் டாக்ஸிக்காரர் பிக்கப் பண்ணுவார், ஆபீஸ் வண்டி பிக்கப் பண்ணும்.” சரி, தெரியும்தான். ஆனால் அதே வகுப்பில் இருந்த தம்பி ஒருவர், வெளியூரிலிருந்து வரும் வாடிக்கையாளருக்கு மெயில் எழுதினார்: ‘ஐ வில் லிஃப்ட் யூ ஃபிரம் சென்ட்ரல்’. சென்ட்ரலில் வந்து உங்களைத் தூக்குகிறேன் என்று அர்த்தம். நம்ம ஊரில் இதை யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே தவறினார்? இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை அச்செடுத்து மனப்பாடம் செய்திருந்தார். பிக் அப் என்றால் லிஃப்ட், கலெக்ட், லேர்ன், இம்ப்ரூவ், ஆன்சர், பை. மெயிலில் ‘பிக் அப்’ கொஞ்சம் சாதாரணமாக இருக்கிறதே என்று பட்டியலின் முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டார். பட்டியல் சரி. படித்த வரிசைதான் தவறு. இணைச்சொல், அதாவது அதே பொருள் தரும் வேறு ஆங்கிலச் சொல், கடைசியாக வரவேண்டியது.

இங்கே ஆங்கிலச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நோட்டில் நீங்கள் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முழு வாக்கியம், எதை அல்லது யாரை, தமிழ் வினை, இணைச்சொல். நான்காவது பத்தி பல நாள் காலியாகவே கிடக்கும். கிடக்கட்டும்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று தயாரித்த ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘பிக்’ என்ற சொல்லுக்குள் போய்க் கீழே இறங்கினால் ‘பிக் அப்’ தனியாக இருக்கும். தெசாரஸ், அதாவது ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் அகராதி, இப்போது வேண்டாம். அதில் சொற்கள் குவியலாகக் கிடக்கும். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று பெரும்பாலும் சொல்லியிருக்காது.

மூன்றாவதாக ஒரு தமிழ் அகராதி. க்ரியா அகராதி போதும். ஆங்கிலம் படிக்கத் தமிழ் அகராதியா என்று கேட்பார்கள். மூன்றாம் படியில் தெரியும்.

2. முதலில் வாக்கியங்களைச் சேருங்கள், பொருளைத் தேடாதீர்கள்

மூன்று, நான்கு நாள் ‘பிக் அப்’ வரும் வாக்கியங்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். இருபது கிடைத்தால் போதும். ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கம், வானிலைச் செய்தி, குற்றச் செய்தி, ஆபீஸ் மெயில், வசன வரி ஓடும் ஆங்கிலத் தொடர் என்று ஐந்து வெவ்வேறு இடங்களிலிருந்து எடுப்பது முக்கியம். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே பொருள்தான் திரும்பத் திரும்ப வரும்.

வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். ‘பிக்ட் அப் ஸ்பீடு’ என்று மூன்று சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். பத்து நாள் கழித்து அந்த வேகம் ரயிலுடையதா, டைப் அடிப்பவருடையதா, விசாரணையுடையதா என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

3. எதை, யாரை என்று கேட்டு வட்டமிடுங்கள். பிறகு தமிழ் வினையை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘பிக் அப்’ எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பார்சலா, ஆளா, சளியா, மொழியா, பில்லா? அதை வட்டமிட்டு இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். எதுவும் இல்லையென்றால் கோடு போடுங்கள். பொருளைத் தீர்மானிப்பது ‘பிக் அப்’ அல்ல, பக்கத்தில் நிற்கும் அந்தச் சொல்தான்.

பிறகு அதே வாக்கியத்தை வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் தமிழில் சொல்லிப் பாருங்கள். தானாக வாயில் வரும் வினையை மூன்றாம் பத்தியில் எழுதுங்கள். ‘பிக்கப் பண்ணு’ என்று எழுதினால் அது கணக்கில் வராது.

இதற்குத்தான் தமிழ் அகராதி. ‘எடு’, ‘பிடி’ இரண்டையும் புரட்டிப் பாருங்கள். போனை எடுக்கிறோம், துணி எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, வண்டி வேகம் எடுக்கிறது. பஸ்ஸைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, நாய் மோப்பம் பிடிக்கிறது, வியாபாரம் சூடு பிடிக்கிறது. ஒரே ‘பிடி’யை வைத்துக்கொண்டு இத்தனை வேலை வாங்குகிறவர்களுக்கு ‘பிக் அப்’ ஒரு புதிரே அல்ல. அதன் பொருள்களில் பாதிக்குமேல் இந்த இரண்டு வினைகளுக்குள் வந்துவிடும். மீதிக்கு ‘கூட்டிக்கொண்டு வா’, ‘ஏற்றிக்கொள்’, ‘ஒட்டிக்கொள்’ மூன்றும் உதவும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். ‘லிஃப்ட் யூ’ என்று எழுதிய தம்பி மூன்றாம் பத்தியில் ‘கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று எழுதியிருந்தால் லிஃப்ட் பக்கமே போயிருக்க மாட்டார்.

4. வாக்கியங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள்

இப்போது மூன்றாம் பத்தியைப் பார்த்து, ஒரே மாதிரி தமிழ் வினை உள்ளவற்றைச் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். அகராதியைத் திறக்கும் நேரமும் இதுதான். உங்கள் குடும்பம் அகராதியின் எந்த எண்ணுக்குள் விழுகிறது என்று ஒப்பிட்டு, அங்கே தரும் விளக்கத்திலிருந்து இணைச்சொல்லை எடுத்து நான்காம் பத்தியை நிரப்புங்கள்.

கீழே கிடந்ததைக் கையால் எடுப்பது எளிய குடும்பம். பிளாட்பாரத்தில் விழுந்த டிக்கெட்டை எடுப்பது ‘பிக் அப்’. கனமான மூட்டை என்றால் ‘லிஃப்ட்’ பொருந்தும். டிக்கெட்டை யாரும் ‘லிஃப்ட்’ செய்வதில்லை.

ஆளைக் கூட்டிவருவதும் பொருளை வாங்கிவருவதும் அடுத்த குடும்பம். பார்சல், இஸ்திரித் துணி, சான்றிதழ் என்றால் ‘கலெக்ட்’ கச்சிதம். ஆளுக்கும் ‘கலெக்ட்’ வரும், ஆனால் அது பிரிட்டிஷ் வழக்கு. ‘ஃபெட்ச்’ என்றால் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. போகிற வழியில் ஆளை ஏற்றிக்கொள்ளும் ஷேர் ஆட்டோவுக்கு அது ஒத்துவராது. அங்கே ‘பிக் அப் பாசெஞ்சர்ஸ்’ என்றே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இணைச்சொல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

‘வரும் வழியில் ஆவின் பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா’ என்பதும் ‘பிக் அப்’தான். இங்கே ‘பை’ அல்லது ‘கெட்’. ‘பர்ச்சேஸ்’ என்றால் பால் பாக்கெட்டுக்கு டெண்டர் விட்டதுபோல் இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: வேளச்சேரியில் வீடு வாங்கியதை ‘பிக்ட் அப் எ ஃபிளாட்’ என்றால், போகிற போக்கில் வாங்கியதாகப் படும். வீட்டுக் கடனில் இருப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

போன் குடும்பத்துக்கு ஒரே இணைச்சொல் போதும்: ‘ஆன்சர்’.

ஒட்டிக்கொள்ளும் குடும்பம் எனக்குப் பிடித்தது. சௌகார்பேட்டைக்கு வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கள் கடையில் உட்கார்ந்தே தமிழ் பேசக் கற்றுக்கொண்டார்கள். யாரும் வகுப்புக்குப் போகவில்லை, பாஷை ஒட்டிக்கொண்டது. அதுதான் ‘பிக்ட் அப் டமில்’. ‘லேர்ன்’ என்று மாற்றலாம், தப்பில்லை, ஆனால் முயற்சி இல்லாமல் வந்தது என்ற சுவை போய்விடும். ‘அக்வயர்’ எழுத்து நடைக்கு. பழக்கமும் இப்படித்தான் ஒட்டும், சளியும் இப்படித்தான் ஒட்டும். சளிக்கு ‘கேட்ச்’. காசநோய் போன்ற பெரிய வியாதிக்கு, மருத்துவக் குறிப்பின் நடையில், ‘கன்ட்ராக்ட்’. சளியைக் ‘கன்ட்ராக்ட்’ எடுக்க வேண்டாம்.

சூடு பிடிக்கும் குடும்பத்தில் இரண்டாம் பத்தி பெரும்பாலும் காலி. தீபாவளிக்கு முன் தி.நகரில் விற்பனை சூடு பிடிக்கிறது: ‘சேல்ஸ் பிக் அப்’. எதை என்று கேட்டால் பதில் இல்லை, தானே ஏறுகிறது. இங்கே ‘இம்ப்ரூவ்’, ‘இன்கிரீஸ்’ இரண்டும் வரும். காய்ச்சலிலிருந்து தேறுபவருக்கு ‘ரிகவர்’.

கருவியோ மூளையோ ஒன்றைக் கண்டுகொள்வது இன்னொரு குடும்பம். ஆன்லைன் வகுப்பில் என் மைக் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தைத் தெளிவாகப் பிடித்துத் தரும், என் குரலைத்தான் தராது. ரேடியோ சிக்னலைப் பிடித்தால் ‘ரிசீவ்’. மருத்துவர் பரிசோதனையில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தால் ‘டிடெக்ட்’. ஒருவர் பேச்சில் இருக்கும் எரிச்சலை நீங்கள் உணர்ந்துகொண்டால் ‘நோட்டிஸ்’. அந்தக் கடைசிப் பொருளில் பெரும்பாலும் ‘பிக் அப் ஆன்’ என்று வரும், ‘ஆன்’ விட்டுப்போகக் கூடாது.

குற்றச் செய்தியில் போலீஸ் ஒருவரைப் ‘பிக் அப்’ செய்ததாக வரும். நம் பேச்சில் ‘தூக்கிட்டாங்க’. இதை உடனே ‘அரெஸ்ட்’ என்று மாற்றாதீர்கள். விசாரணைக்குக் கூட்டிப்போவது வேறு, சட்டப்படி கைது செய்வது வேறு. செய்தியில் ‘ஃபார் க்வெஸ்ச்சனிங்’ என்று இருந்தால் கைது என்று சொல்ல அதில் ஆதாரமில்லை.

இன்னும் இரண்டு சின்னக் குடும்பங்கள். ஹோட்டலில் ‘ஐ வில் பிக் அப் தி பில்’ என்றால் மேசையிலிருந்து காகிதத்தை எடுப்பது அல்ல, காசு கொடுப்பது: ‘பே’. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ‘ரெஸ்யூம்’.

5. மாற்றிப் போட்டுச் சோதியுங்கள்

நான்காம் பத்தி நிரம்பியதும் வேலை முடிந்ததாக எல்லோரும் நோட்டை மூடுவார்கள். மூடாதீர்கள். ஒவ்வொரு இணைச்சொல்லையும் ‘பிக் அப்’ இருந்த இடத்தில் வைத்து முழு வாக்கியத்தையும் உரக்கப் படியுங்கள். பிறகு அதைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். மூன்றாம் பத்தியில் உள்ள அதே வினை வந்தால் சொல் பிழைத்தது.

ஓர் உதாரணம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைத் தாக்கிய நாள். ‘தி விண்ட் பிக்ட் அப்’. சூடு பிடிக்கும் குடும்பம்தானே என்று ஒரு மாணவி ‘இம்ப்ரூவ்ட்’ போட்டார். தமிழில் திருப்பினால் ‘காற்று மேம்பட்டது’. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்த நாளில் காற்று மேம்படுமா? அவர் மூன்றாம் பத்தியில் ‘வலுத்தது’ என்று எழுதியிருந்தார். அதற்கு ‘ஸ்ட்ரெங்தன்ட்’. ஒரே குடும்பத்துக்குள்ளேயே சொல் மாறும். ‘இம்ப்ரூவ்’ நல்லதுக்கு மட்டும்தான் வரும் என்பது இந்தச் சோதனையில்தான் தெரிய வருகிறது.

6. ‘அப்’ எங்கே உட்காரும்?

பொருள் சரியாக வந்த பிறகு இதற்கு வாருங்கள். முதலிலேயே இலக்கணத்தில் இறங்கினால் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: ‘பிக் அப் தி பார்சல்’, ‘பிக் தி பார்சல் அப்’. இட், ஹிம், ஹெர், மீ, தெம் போன்ற பதிலிச் சொற்கள் என்றால் நடுவில்தான்: ‘பிக் மீ அப்’. ‘பிக் அப் மீ’ தவறு. பொருளின் பெயர் நீளமாக இருந்தால், ‘கோயம்புத்தூரிலிருந்து அக்கா அனுப்பிய பார்சல்’ என்பதுபோல, ‘அப்’பை முன்னாலேயே வைத்துவிடுங்கள். கடைசியில் வைத்தால் கேட்பவர் அதற்குள் ‘பிக்’கை மறந்திருப்பார்.

லாங்மன் அகராதியில் இரட்டைத் தலை அம்புக்குறி போட்டிருப்பார்கள். செயப்படுபொருள் இரு பக்கமும் நகரலாம் என்பதற்கான அடையாளம் அது.

நம்மவர்கள் ‘பிக் அப் மீ’ என்று ஏன் சொல்கிறார்கள்? தமிழில் ‘என்னை பிக்கப் பண்ணு’ என்கிறோம். அங்கே ‘பிக்கப்’ உடையாத ஒரே கட்டி. அந்தக் கட்டியை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ‘பிக்கப்ட்’ என்று இறந்தகாலம் எழுதுவதும் அதே கோளாறுதான். காலம் ‘பிக்’கில்தான் ஏறும்: பிக்ட் அப், பிக்ஸ் அப், பிக்கிங் அப்.

7. சென்னை ஆங்கிலத்தில் அடிக்கடி விழும் இடங்கள்

‘ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்’. ‘அப்’ போனதும் பொருள் ‘ஆறு மணிக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கிறேன்’ என்றாகிவிடுகிறது. ‘டிராப் மீ அட் கிண்டி’ என்பது சரியான ஆங்கிலம், அதில் ‘ஆஃப்’ இல்லாவிட்டாலும் குறையில்லை. அதைப் பார்த்து ‘பிக்’குக்கும் வால் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். ‘பிக்’குக்கு வால் கட்டாயம்.

‘ஹி டிட் நாட் பிக் மை கால்’. நமக்குள் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ‘ஹி டிட் நாட் ஆன்சர் மை கால்’ என்றோ ‘ஹி டிட் நாட் பிக் அப்’ என்றோ சொல்லுங்கள்.

‘மை பைக் ஹேஸ் நோ பிக்கப்’. மெக்கானிக்கிடம் சொன்னால் கார்புரேட்டரைக் கழற்றுவார். அமெரிக்கரிடம் ‘பிக்கப்’ என்றால் பின்னால் திறந்த சரக்கு வண்டிதான் மனதில் வரும். அவரிடம் ‘அக்செலரேஷன்’ என்று சொல்லுங்கள். இந்தப் ‘பிக்கப்’ பெயர்ச்சொல். அமெரிக்க எழுத்தில் ஒரே சொல்லாகவும் பிரிட்டிஷ் எழுத்தில் பெரும்பாலும் நடுவில் சிறுகோடு போட்டும் வரும். வினை எப்போதும் இரண்டு தனிச் சொற்கள்.

‘எழும்பூரில் ஒரு பெண்ணைப் பிக் அப் பண்ணினேன்’ என்பதை ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள்’ என்று ஆங்கிலத்தில் சொன்ன ஓர் அண்ணன், எதிரே இருந்தவர் ஏன் கண்ணைச் சிமிட்டினார் என்று என்னிடம் வந்து கேட்டார். முன்பின் தெரியாதவரோடு பழக்கம் பிடிப்பது என்ற பொருளும் இதற்கு உண்டு. அவர் கூட்டிவந்தது சித்தப்பா மகளை. ‘மை கசின்’ என்றும் ‘ஃபிரம் தி ஸ்டேஷன்’ என்றும் சொல்லியிருந்தால் சிக்கலே இல்லை.

‘ஐ பிக்ட் அப் மை ஃபாதர்ஸ் பிசினஸ்’ நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் வந்தது. அப்பாவின் தொழிலை ஏற்று நடத்துவது ‘டேக் ஓவர்’. புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்குவது ‘டேக் அப்’. பலவற்றில் ஒன்றைத் தேர்வது ‘பிக் அவுட்’. ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது ‘பிக் ஆன்’. இவற்றைப் ‘பிக் அப்’ நோட்டில் கலக்காமல் கடைசிப் பக்கத்தில் தனியாக வையுங்கள்.

8. வாயில் வரவழையுங்கள்

வினையாகச் சொல்லும்போது ‘அப்’பையும் அழுத்திச் சொல்லுங்கள்: பிக் அப். பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் முன்னால்: பிக்கப். நாம் எல்லாவற்றையும் முன்னால் அழுத்திப் பழகியவர்கள், அதனால் வினை காதில் பெயர்ச்சொல்லாக விழுகிறது.

தினமும் ஒரு குடும்பம் எடுத்து, உங்கள் அன்றைய நாளிலிருந்து மூன்று வாக்கியம் போனில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து மூன்றாம், நான்காம் பத்திகளைத் தாளால் மறைத்துக்கொண்டு, முதல் பத்தியை மட்டும் படித்து இணைச்சொல்லைச் சொல்லுங்கள். தடுமாறும் வாக்கியத்துக்கு அகராதியைத் திறக்காதீர்கள். முதலில் தமிழ் வினையை நினைவுபடுத்துங்கள், பாதி நேரம் சொல் பின்னாலேயே வந்துவிடும்.

நோட்டில் இரண்டு பக்கம் காலியாக விட்டுவையுங்கள். போன வாரம் ஒரு மாணவி ‘எ குட் பிக்-மீ-அப்’ என்ற தொடரோடு வந்தார். எந்தக் குடும்பத்திலும் அடங்கவில்லை. சோர்ந்திருக்கும்போது தெம்பு தரும் ஒன்று என்று அர்த்தம். மூன்றாம் பத்தியில் எந்த வினையும் கிடைக்காமல், ‘நாலு மணி ஃபில்டர் காபி’ என்று எழுதி வைத்திருக்கிறார்.